நாய்க்குக் கொடுப்பேன், சம்பளத்துக்குக் கொடுக்க மாட்டேன் என்பவர்களுக்கு

போன வாரம், சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து வழக்கமாகப் பூனையைக் கொண்டுவரும் ஒரு பெண் தன் போனை என்னிடம் நீட்டினார். "டாக்டரம்மா, பாவமுங்க. இதுக்கு ஐயாயிரம் அனுப்பலாம்னு இருக்கேன், நீங்க என்ன சொல்றீங்க?" திரையில் பின்னங்கால் நசுங்கிய ஒரு செவலை நாய். 'இன்று காலை விபத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆபரேஷன்' என்று எழுதி, கீழே ஒரு ஜிபே எண். நாய் படுத்திருந்தது என்னுடைய மேஜை மேல். பின்னால் தெரிந்தது என் கிளினிக்கின் பச்சை டைல்ஸ். கொண்டலாம்பட்டி பைபாஸில் அடிபட்டு வந்த நாய் அது. காலை எடுத்துத் தைத்து அனுப்பியாயிற்று. இப்போது மூன்று காலோடு ஒரு வெள்ளிப் பட்டறை வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைக் குரைத்துக்கொண்டிருக்கிறது. படத்தை யார் எடுத்தார்கள், யார் அந்த எண்ணைப் போட்டார்கள், ஒன்றும் தெரியவில்லை.

இது முதல் முறையாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மாதத்துக்கு ஒருவராவது இப்படிப் போனை நீட்டுகிறார்கள். அதில் பாதிப் பேர் பணத்தை அனுப்பிவிட்ட பிறகு நீட்டுகிறார்கள்.

தயவுசெய்து படத்தைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். இன்றைய காயம் என்று சொல்லியிருப்பார்கள், ஓரமெல்லாம் காய்ந்து பொருக்கு தட்டியிருக்கும். தொடை எலும்பு முறிந்த நாய் என்பார்கள், அதை ஒரு கையால் தூக்கி வைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்திருப்பார்கள். நிஜமாக முறிந்திருந்தால் அந்தக் கையைக் கடித்திருக்கும். பிறப்புறுப்பில் ரத்தம் சொட்டும் நாயைக் காட்டி 'கேன்சர், லட்சக்கணக்கில் செலவு' என்று வசூல் நடக்கிறது. தெருநாய்க்கு அந்த இடத்தில் வருவது பெரும்பாலும் இனச்சேர்க்கையில் பரவும் ஒரு வகைக் கட்டி. கேன்சர்தான், ஆனால் வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி வீதம் சில வாரம் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். லட்சமெல்லாம் ஆகாது. குட்டியைத் தானே கிணற்றில் போட்டுவிட்டுத் தானே இறங்கிக் காப்பாற்றி வீடியோ எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், பில் எங்கே என்று கேளுங்கள். 'ஆஸ்பத்திரிக்கே நேராகக் கட்டிவிடுகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். உண்மையானவர் உடனே நம்பர் கொடுப்பார். மற்றவர் உங்களை பிளாக் செய்வார். வேலை முடிந்தது.

மோசடிக்காரர்களைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குப் பொறுமை இல்லை. என்னை நிஜமாகவே எரிச்சல்படுத்துவது நல்லவர்கள்தான். ஒழுங்காக நடக்கும் ஒரு அறக்கட்டளையை விசாரித்துக் கண்டுபிடித்து, அங்கே போய் உட்கார்ந்து, காபி குடித்துவிட்டுக் கேட்பார்கள்: "நாங்க கொடுக்கறது முழுசா நாய்க்கே போகுமுங்களா? சம்பளம், ஆபீஸ் செலவுன்னு எடுக்க மாட்டீங்களே?"

பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை கொடுத்துவிட்டு, சாக்பீஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வாத்தியார் சம்பளத்துக்குத் தொடக் கூடாது என்று யாராவது சொல்வார்களா? சொல்ல மாட்டோம். நாய் என்று வந்ததும் சொல்கிறோம். நாய்க்குத் தேவை சோறும் மருந்தும், மனிதர்கள் சேவையாக வந்து செய்துவிட்டுப் போவார்கள் என்று ஒரு நினைப்பு.

ஒரு தெருநாய்க்குக் கருத்தடை செய்ய என்னென்ன வேண்டும் என்று சொல்கிறேன். விடிவதற்கு முன்பே வலையோடு ஆள் போக வேண்டும், வண்டி நடமாட்டம் தொடங்கிவிட்டால் நாய் கைக்கு வராது. பிடிக்கிறவருக்கு முன்கூட்டியே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். எந்தத் தெருவில் பிடித்தது என்று எழுதி, நாயின் கழுத்தில் அதே எண்ணை மாட்ட வேண்டும். பட்டினி போட்டு, பரிசோதித்து, மயக்க மருந்து கொடுத்து, ஒவ்வொரு நாய்க்கும் தனியாக நீராவியில் கிருமி நீக்கிய கருவிகளோடு ஆபரேஷன். அதன் பிறகு சில நாள் கூண்டில் வைத்து, தையல் பிரிந்திருக்கிறதா, சாப்பிடுகிறதா என்று இரவும் பகலும் ஒருவர் பார்க்க வேண்டும். கடைசியாக, பிடித்த அதே தெருவில் கொண்டுபோய் விட வேண்டும். இந்திய விலங்கு நல வாரியம் இதற்கெல்லாம் சேர்த்து ஒரு நாய்க்கு 1,650 ரூபாய் என்று கணக்கு வைத்தது. அதில் மருந்தையும் தையல் நூலையும் கழித்துப் பாருங்கள். மீதியில் பெரும்பகுதி மனிதர்களின் நேரம். அதைத்தான் நீங்கள் 'நிர்வாகச் செலவு' என்கிறீர்கள்.

அந்தச் செலவைக் குறைத்தால் என்ன ஆகும் என்பது என் மேஜைக்கு வருகிறது. அனுபவமில்லாத கையால் தைத்த தையல் பிரிந்து, குடல் வெளியே தொங்க, ஈ மொய்க்க ஒரு பெட்டை நாயைத் தூக்கி வருவார்கள். ராத்திரி பார்க்க ஆள் வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். பதிவேடு எழுத ஆள் வைக்காத இடத்தில் அம்மாபேட்டையில் பிடித்த நாய் கோரிமேட்டில் இறக்கிவிடப்படும். புது எல்லைக்குள் வந்த நாயை அங்கிருக்கிற நாய்கள் சும்மா விடாது. அது கடிபட்டுச் சாகும், இல்லையென்றால் பயத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கடிக்கும். 'உங்கள் ஒவ்வொரு ரூபாயும் விலங்குக்கே' என்று போர்டு வைத்திருக்கும் இடத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. ஒன்று கணக்கு பொய், இல்லையென்றால் அங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாத இடத்தில் கூண்டு கழுவுகிறவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார். புதிதாக வந்தவருக்குப் பார்வோ என்ற தொற்று வைரஸ் வந்த நாய்களின் வார்டில் போட்ட செருப்போடு குட்டிகள் பக்கம் போகக் கூடாது என்பது தெரியாது. அப்புறம் குட்டிகள் மொத்தமாகச் சாகும்.

அதனால் ஒரு இடத்துக்குக் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய நான் கேட்பது வேறு கேள்வி: போன மாதம் எத்தனை வந்தது, எத்தனை செத்தது? இதைக் கேட்கச் சங்கடப்படாதீர்கள். 'எங்களிடம் ஒன்றும் சாகவில்லை' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அடிபட்டதும் டிஸ்டெம்பர் வந்ததும் வந்து சேருகிற இடத்தில் சாவு இல்லாமல் இருக்காது. டிஸ்டெம்பருக்கு வைரஸைக் கொல்லும் மருந்தே கிடையாது, தாங்கிப் பிடிக்கத்தான் முடியும். நோட்டை எடுத்து, 'இத்தனை போயிற்று, இதில் இத்தனை பார்வோ' என்று காட்டுகிற இடம் நம்பகமான இடம்.

சலிப்பூட்டும் வேலைக்குக் கொடுங்கள். அடிபட்ட நாயின் வீடியோவுக்கு லட்சம் பேர் பார்ப்பார்கள், தடுப்பூசி வண்டிக்கு டீசல் போட ஆள் வராது. கோவாவில் 2013க்குப் பிறகு மிஷன் ரேபிஸ் என்ற அமைப்பு மாநில அரசோடு சேர்ந்து தெருத் தெருவாக வலையோடு போய் நாய்களுக்கு ஊசி போட்டது, எந்தத் தெருவில் எத்தனை என்று போனில் பதிந்தது. வருடக்கணக்கில் இதே வேலை. மூன்று ஆண்டுகளாக மாநிலத்தில் ரேபிஸ் இல்லை என்று 2021இல் அம்மாநில முதல்வர் அறிவித்தார். பகுதியில் 70 சதவீத நாய்களுக்காவது தடுப்பூசி போய்ச் சேர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சேலம் முழுக்கத் தூவினாற்போல் கொஞ்சம் கொஞ்சம் போடுவதில் பலன் குறைவு. ஒரு வார்டை எடுத்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவர்களைத் தேடுங்கள்.

"மனுசனுக்கே வழியக் காணோம், நாய்க்கு எதுக்குங்க காசு?" என்று கேட்கிறவர்களும் உண்டு. இந்தியாவில் ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 பேர் வெறிநாய்க்கடியால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் பிள்ளைகள் நிறைய. அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. நாய்க்குப் போடும் ஊசி அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். அதற்கு மேல் உங்கள் மனசுக்கு நெருக்கமானது மனிதர்களின் ஆஸ்பத்திரி என்றால் அங்கேயே கொடுங்கள், யாரும் சண்டைக்கு வர மாட்டோம். கடன் வாங்கி மட்டும் கொடுக்காதீர்கள்.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் டெல்லி உத்தரவு வந்ததிலிருந்து எல்லோருக்கும் காப்பகம் கட்ட ஆசை வந்துவிட்டது. ஆகஸ்ட் 11 அன்று தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னார்கள். 22ஆம் தேதி அதையே திருத்தி, வெறியும் மூர்க்கமும் இல்லாத நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பழைய இடத்திலேயே விடச் சொன்னார்கள். மக்கள் மனதில் முதல் உத்தரவு மட்டும் நின்றுவிட்டது. காப்பகம் என்பது ஒரு நாய்க்குப் பத்து வருடச் செலவு. நோய் வந்தவற்றைத் தனியாக வைக்க இடம் இல்லாமல் இரக்கத்தில் சேர்த்துக்கொண்டே போகிற காப்பகத்தை விட அந்த நாய்களுக்குத் தெருவே மேல். 'இடம் இல்லை' என்று சொல்லத் தெரிந்த காப்பகத்துக்குக் கொடுங்கள்.

காகிதங்கள். டிரஸ்ட் பதிவு, வருமான வரித்துறைப் பதிவு, தொண்டு நிறுவனங்களுக்கு நிதி ஆயோக் கொடுக்கும் தர்பண் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 கருத்தடை விதிகளின்படி, விலங்கு நல வாரியத்தின் திட்ட அங்கீகாரம் இல்லாமல் யாரும் தெருநாய்க் கருத்தடைத் திட்டம் நடத்தக் கூடாது. அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். 80ஜி என்று நாம் பழகிய வரிச்சலுகை பொதுவாகக் கொடுத்ததில் பாதிக்குத்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, புதிய வரி முறையில் இருந்தாலும் கிடையாது. தனிநபரின் ஜிபேவுக்குப் போட்டுவிட்டு ரசீது கேட்காதீர்கள். என் ஆடிட்டர் இதை என்னிடம் சொல்லிச் சலித்துவிட்டார்.

நாயைத் தாண்டியும் ஒரு முறை யோசியுங்கள். நாமக்கல் நமக்குப் பக்கத்து ஊர். கூண்டில் முட்டையிடும் கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளை விடக் குறைவு. எண்ணிக்கையில் நாய் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அந்தக் கோழிகளுக்காகச் சட்டம் கேட்டு அலைகிற அமைப்புகளுக்கு நம் ஊரில் யாரும் பத்து ரூபாய் கொடுத்து நான் பார்த்ததில்லை. கோழிக்குப் படம் எடுத்தால் லைக் விழாது.

அப்புறம் ஏற்காடு. 'வனவிலங்கு காப்போம்' என்று நன்கொடை அனுப்பிவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவிலும் காரை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துப் போடுகிறீர்களே, உங்களை என்ன சொல்ல? நீங்கள் போட்ட இடத்துக்கு நாளைக்கும் வரும், அடுத்த பஸ் அடிக்கும். அந்தச் சிப்ஸை நிறுத்துவதே நன்கொடை, செலவும் கிடையாது. குரங்குக் குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சிப் படம் போட்டுக் காசு கேட்கிற யாருக்கும் கொடுக்காதீர்கள். அடிபட்ட காட்டு விலங்கு வனத்துறைக்குப் போக வேண்டும், யார் வீட்டுக்கும் அல்ல.

எங்கே கொடுப்பது என்று இன்னும் குழப்பமாக இருந்தால், உங்கள் வாசலில் தினமும் சோறு வைக்கிறீர்களே, அந்தப் பெட்டை நாய்க்கு முதலில் கருத்தடை செய்துவிடுங்கள். நாயின் கர்ப்பம் இரண்டு மாதம்தான். இந்த ஐப்பசியில் விட்டால் அடுத்த தை மாதத்துக்குள் ஆறு குட்டி, அதில் நான்கு உங்கள் தெருவிலேயே வண்டியில் அடிபடும். சோறு மட்டும் வைத்துவிட்டு ஆபரேஷனை வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று இருக்காதீர்கள் அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன்.

பொருளாகக் கொடுப்பவர்களுக்கு: கல்யாண மண்டபத்து மீதிப் பிரியாணியைக் காப்பகத்தில் கொட்டாதீர்கள், எலும்பும் மசாலாவும் சேர்ந்து மறுநாள் கூண்டெல்லாம் பேதி. வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளை ஒரு கவரில் போட்டுக் கொடுக்காதீர்கள், ஒரு பாராசிட்டமால் போதும் பூனை சாக. பழைய செய்தித்தாள், துண்டு, பெட்ஷீட் எவ்வளவு வந்தாலும் வேண்டும். தலையணை உறையாக இருந்தால் பட்டனையும் ஜிப்பையும் வெட்டிவிட்டுக் கொடுங்கள், குட்டிகள் விழுங்கிவிடுகின்றன. அதை எடுக்க வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கிறது, அதற்கும் ஒருவர் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.