சொல் விளக்கம்: கரோட்டினாய்டு

கரோட்டினாய்டு என்ற சொல்லை இரண்டாகப் பிரித்தால் பொருள் விளங்கிவிடும். முன்பாதி கரோட்டின். 1831இல் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கேரட் கிழங்கிலிருந்து ஒரு செம்மஞ்சள் பொருளைப் பிரித்தெடுத்து, கேரட்டின் லத்தீன் பெயரான 'கரோட்டா'வை ஒட்டி அதற்குப் பெயர் வைத்தார். பின்பாதி 'ஆய்டு' கிரேக்க வழி வந்த விகுதி. 'அதன் சாயல் உடையது' என்று பொருள். இலைச் சாற்றைச் சுண்ணத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் இறக்கி, நிறங்களை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டிய ரஷ்யத் தாவரவியலாளர் மிகைல் ஸ்வெட், 1911இல் இந்தக் குடும்பம் முழுவதற்கும் அந்தப் பெயரைச் சூட்டினார்.

ஆக, 'கரோட்டின் போன்றவை' என்பதற்கு மேல் இந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை. கேரட்டோடு உறவு அங்கேயே முடிகிறது. தக்காளியின் சிவப்பு, துலுக்கச் சாமந்தியின் மஞ்சள், வெந்த இறாலின் சிவப்பு எல்லாம் இந்தக் குடும்பம்தான். இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவை தெரியவந்துள்ளன. பெரும்பாலானவற்றில் 40 கரிம அணுக்கள் இருக்கும். ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி நீளும் அந்தச் சங்கிலி நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் மிச்சம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ நம் கண்ணுக்கு வருகிறது. ஆக்சிஜன் சேராதவை கரோட்டின்கள், சேர்ந்தவை சாந்தோஃபில்கள்.

தமிழில் இதை 'மஞ்சள் நிறமி' என்றும் 'செம்மஞ்சள் நிறமி' என்றும் எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இறாலுக்கு நிறம் தரும் அஸ்டாசாந்தின் நல்ல சிவப்பு. டயாட்டம் என்ற நீர்வாழ் நுண்பாசிகளுக்குப் பழுப்பு நிறம் தருவது ஃபியூகோசாந்தின். நிறத்தை வைத்துப் பெயரிட்டால் குடும்பத்தில் பாதி வெளியே நின்றுவிடும். 'கரோட்டின்வகை நிறமி' என்பது மூலச்சொல்லின் பொருளுக்கு மிக நெருக்கமானது. படிப்பவருக்கும் உடனே புரியும். அடிக்கடி வரும் இடங்களில் கரோட்டினாய்டு என்றே எழுதலாம், அதில் குறை ஒன்றும் இல்லை.

இந்த நிறமிகளைக் கடல் நுண்பாசிகளில் கூட்டும் ஆய்வு பற்றிய செய்திகளில் இன்னும் இரண்டு சொற்கள் கூடவே வரும். ஒன்று பாசி. இலங்கைப் பாடநூல்களில் இது 'அல்கா'. பாசி என்பதன் வேர் பசுமையைக் குறிப்பது. ஆனால் தமிழில் அந்த வேர் பச்சையோடு நிற்பதில்லை. பசும்பொன் மஞ்சள், காதலரைப் பிரிந்தவர் மேனியில் படரும் பசலையும் வெளிறிய மஞ்சள். குறுந்தொகை 399இல் பரணர், ஊர்க் கேணியில் படரும் பாசியைத்தான் பசலைக்கு உவமையாக்குகிறார். அதனால் ஆரஞ்சு நிறமாக மாறிவிட்ட உயிரியையும் பாசி என்றே சொல்ல நமக்குத் தடை இல்லை. 'நுண்பாசி' தெளிவான, நல்ல சொல்.

மற்றொன்று 'மரபணு மாற்றம்'. இங்கேதான் குழப்பம். புற ஊதாக் கதிர் பட்டு உயிரணுவில் தற்செயலாக நேரும் பிறழ்வுக்கும் இதே சொல், ஆய்வகத்தில் குறிப்பிட்ட மரபணுவைத் தேர்ந்து நுழைப்பதற்கும் இதே சொல் என்றால் வாசகர் எதை நம்புவது? முதலாவதைத் திடீர்மாற்றம் என்றும், இரண்டாவதை மரபணுப் பொறியியல் என்றும் பிரித்தே எழுத வேண்டும். இரண்டும் நுண்பாசிகளில் நடக்கின்றன. சட்டம் இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

சரி, பொறியியல் எதற்குத் தேவைப்படுகிறது? துனாலியெல்லா சலைனா என்ற உப்புநீர்ப் பாசியைப் பாருங்கள். பிரான்சின் மொன்பெலியே உப்பளங்கள் சிவப்பாவதற்கு நுண்பாசிதான் காரணம் என்று 1838இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் டூனால் கண்டறிந்தார். 1905இல் அவர் பெயரையே பேரினத்துக்கு வைத்தார்கள். தூத்துக்குடி உப்பளங்களிலும் இது வாழ்கிறது. உப்பும் வெயிலும் ஏறி, நைட்ரஜன் குறைந்தால், உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூட பீட்டா கரோட்டின் என்ற செம்மஞ்சள் நிறமியைச் சேர்த்துவைக்கும். ஆனால் அந்த நெருக்கடியில் அதன் வளர்ச்சி படுத்துவிடும். நிறம் வேண்டுமானால் வளர்ச்சி போகும், வளர்ச்சி வேண்டுமானால் நிறம் போகும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் மரபணுவில் கை வைக்கிறார்கள்.

உயிரணுவுக்குள் 20 கரிம அணுக்கள் கொண்ட இரண்டு துண்டுகளை இணைத்து ஃபைட்டோயீன் ஆக்கும் நொதி ஒன்று உண்டு. ஃபைட்டோயீனுக்கு நிறமே கிடையாது. அடுத்தடுத்த படிகளில்தான் அது தக்காளிச் சிவப்பான லைகோபீனாக, பிறகு பீட்டா கரோட்டினாக நிறம் பெறுகிறது. அந்த முதல் இணைப்பு மெதுவாக நடந்தால் பின்னால் எல்லாமே தேங்கும். அதனால் இந்த நொதிக்கான மரபணுவின் கூடுதல் பிரதியைப் பாசிக்குள் செலுத்துகிறார்கள். அதற்கும் முன்னே, மூலப்பொருள் தயாராகும் முதல் படியிலேயே வேகத்தைக் கூட்டுவது இன்னொரு வழி. ஃபையோடாக்டிலம் ட்ரைகார்னூட்டம் என்ற கடல் டயாட்டத்தில் இரண்டு வழிகளையும் முயன்ற ஜெர்மன் ஆய்வு 2016இல் வெளிவந்தது. அதில் இரண்டாவது வழிக்கே அதிகப் பலன்: ஃபியூகோசாந்தின் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. இந்த டயாட்டத்தின் மரபணுத்தொகுதி 2008இலேயே முழுதாகப் படிக்கப்பட்டிருந்ததால், எந்த மரபணுவைத் தொடுவது என்று தேர்வது அவர்களுக்கு எளிதாயிற்று.

உயிரணு ஒரு பொருளை ஆக்கும் படிகளையே இப்படி மாற்றியமைப்பதை 'நிறமி உற்பத்திக்கான வளர்சிதைமாற்றப் பொறியியல்' என்று எழுதினால் செய்யும் வேலை சரியாகப் பதிவாகும். அப்புறம் ஒரு எச்சரிக்கை: கடையில் 'பாசி பீட்டா கரோட்டின்' என்று விற்கும் மாத்திரைகளைப் பற்றி எழுதும்போது இந்தச் சொற்களை அதன்மேல் ஏற்றிவிடக் கூடாது. அந்த பீட்டா கரோட்டின் ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் திறந்தவெளிக் குளங்களில் வளரும், மரபணுவில் கை வைக்கப்படாத துனாலியெல்லாவிலிருந்து வருவது.