லைனரை ஓட்டை விழும் வரை ஓட்டாதீர்கள்

மறுபடியும் அதே கதை. கல் உடைக்கும் கோன் க்ரஷரைத் திறந்தால், மேண்டில் (கல்லை நசுக்கும் கூம்பின் மேல் கவசமாக மாட்டும் மாங்கனீஸ் எஃகு லைனர்) ஒரு பக்கம் தகடாய்த் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. அடியில் இடைவெளியை நிரப்பியிருந்த எபாக்ஸி பொடிப்பொடி. மேண்டில் உட்காரும் கூம்பான ஹெட்டிலேயே குழி. லைனர் மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்புவதில் போய் நின்றது. "இன்னும் கொஞ்சம் மாங்கனீஸ் இருந்துச்சே சார்" என்கிறார் உரிமையாளர்.

இந்தச் சிக்கனத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மெலிந்த லைனர் ஒவ்வொரு அழுத்தத்திலும் நெளியும். நெளிந்தால் தளரும். தளர்ந்தால் பின்னாலிருக்கும் எபாக்ஸி நொறுங்கும். அதற்குப் பிறகு கல்லின் அடியெல்லாம் நேரே ஹெட்டுக்குத்தான். மிச்சம் பிடித்த மாங்கனீஸ் எவ்வளவு, ஹெட்டுக்கு ஆகும் செலவு எவ்வளவு என்று ஒருமுறையாவது எழுதிப் பாருங்கள்.

லைனர் உடைகிற வரை நஷ்டமே இல்லை என்பதும் தப்பு. தேயத் தேயக் கல் நசுங்கும் அறையின் வடிவம் மாறுகிறது. ஜல்லி செதில் செதிலாக வரும். ஸ்கிரீனில் தங்கித் திரும்பி வரும் கல் கூடும். அதே டன்னுக்குக் கூடுதல் கரண்ட் போகும். லைனர் பில் ஒரே நாளில் கைக்கு வருவதால் கண்ணை உறுத்துகிறது. இந்த நஷ்டம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவதால் யாருக்கும் தெரிவதில்லை.

"போன செட் ஆறு மாசம் ஓடுச்சு, இதுவும் ஓடும்" என்று காலண்டரைக் காட்டாதீர்கள். சுண்ணாம்புக்கல்லில் மாதக்கணக்கில் ஓடும் செட், குவார்ட்சைட்டில் வாரங்களில் கரைந்துவிடும். உடைத்த டன்னை எழுதி வையுங்கள், தடிமனை அளந்து வையுங்கள். கையேட்டில் சொன்ன குறைந்தபட்சத் தடிமனை நெருங்கினால் மாற்றுங்கள். செட்டிங்கை, அதாவது கல் வெளியே விழும் இடைவெளியை, இறுக்க இறுக்க ஜல்லி பெரிதாகவே விழுந்தால், அளக்கக்கூடத் தேவையில்லை. மேண்டிலையும், அதைச் சுற்றி எதிரே நிற்கும் லைனரான கான்கேவையும் சேர்த்தே மாற்றுங்கள். பழசோடு புதுசைச் சேர்த்தால் புதுசும் கோணலாகத் தேயும்.

"மாங்கனீஸ் இறுகிடுச்சு, இனிமே தேயாது" என்பவர்களும் உண்டு. 12 முதல் 14 சதவீதம் மாங்கனீஸ் உள்ள இந்த எஃகு புதிதாக இருக்கும்போது சுமார் 200 பிரினெல் கடினம்தான். அடி வாங்க வாங்க 500 வரை ஏறும். ஆனால் இறுகுவது மேல்தோல் மட்டுமே. அதன் மேல் கண்டபடி வெல்டிங் வைத்துச் சூடேற்றுவதையும் நிறுத்துங்கள். சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடு நீடித்தால், அடி தாங்கும் குணமே போய், விரிசல் விடும்.

ஜா க்ரஷரில், கல்லைத் தாடைபோல் நசுக்கும் ஜா பிளேட் கீழ்ப்பக்கம்தான் முதலில் தேயும். பல் முழுக்க மழுங்குவதற்குள் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். புது பிளேட் மாட்டிச் சில மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி, ஆப்பு போல்ட்டுகளை மீண்டும் முடுக்குங்கள். அசையும் தாடையைப் பின்னாலிருந்து தாங்கும் டாகிள் பிளேட் உடைந்தால் தடிமனான தகட்டை வெட்டிப் போடவே கூடாது. இரும்புத் துண்டு உள்ளே விழுந்தால் மெஷின் தப்பிக்க, உடைவதற்கென்றே வைத்த பாகம் அது.

இந்த வேலையில் இறங்கும் தம்பிகளே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஃப்ளைவீல் முழுசாக நின்று, உள்ளே சிக்கிய கல்லையும் அகற்றிய பிறகே இறங்குங்கள். மெயினைப் பூட்டி, சாவியை உங்கள் பையிலேயே வையுங்கள். இறுகிய மாங்கனீஸைச் சம்மட்டியால் அடித்தால் சில்லு தெறிக்கும். கண்ணாடி போடாமல் அடிக்காதீர்கள்.