பத்து சிஸ்டம் வாங்குறீங்களா, பத்தும் ஒரே மாதிரி வாங்குங்க

கடலூர்ல சிஸ்டம் சர்வீஸ் பண்றேன், ஏஎம்சி (வருஷ மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட்) எடுத்திருக்கற ஆபீஸ்ங்க பெரும்பாலும் மஞ்சக்குப்பம், திருப்பாப்புலியூர், ஓ.டி (ஓல்ட் டவுன்) பக்கம், ரெண்டு மூணு பாண்டில. மஞ்சக்குப்பத்துல ஒரு ஆபீஸ்ல ஏற்கனவே எட்டு சிஸ்டம் ஓடிட்டிருந்துச்சு, இன்னும் நாலு வேணும்னு முதலாளி கடைக்கு போன் போட்டு "போன தடவை குடுத்த மாதிரியே நாலு அனுப்புப்பா"ன்னு சொல்லிட்டாரு, அவ்ளோதான் ஆர்டர். வந்ததும் அதே கேபினெட், அதே 12வது ஜெனரேஷன் ஐ3, மதர்போர்டும் எச்610 சிப்செட்தான். யாருமே தொறந்து பாக்கல, நானும்தான்.

ஆறு மாசம் கழிச்சு அதுல ஒண்ணு டிஸ்ப்ளே வரல. ரேம்தான்னு தெரிஞ்சுச்சு, டிராயர்ல ஸ்பேர் ரெண்டு வச்சிருந்தேன், எடுத்து சொருகுறேன் உக்காரவே மாட்டேங்குது. பக்கத்துல நின்ன தம்பி வேற "அண்ணா இன்னும் கொஞ்சம் அழுத்துங்கண்ணா"ங்கறான். நல்லவேளை அழுத்தல. எச்610ல டிடிஆர்4 ரேம் போடற போர்டும் இருக்கு, அடுத்த தலைமுறை டிடிஆர்5 போடற போர்டும் இருக்கு, பேரு ஒண்ணுதான். ரேமுல ரெண்டுக்கும் 288 பின், பாக்கவும் ஒண்ணுபோலத்தான் இருக்கும், நடுவுல இருக்கற வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கும். என் ஸ்பேர் டிடிஆர்4, வந்த போர்டு டிடிஆர்5.

சரி ரேம் வாங்கி போட்டாச்சுன்னு பாத்தா, கொஞ்ச நாள்ல அதே நாலுல இன்னொண்ணுக்கு விண்டோஸ் போச்சு. பழைய எட்டுக்கும் எடுத்து வச்சிருந்த இமேஜை (விண்டோஸ், டிரைவர் எல்லாம் சேத்த முழு காப்பி) எறக்கினேன், பூட் ஆச்சு, நெட் வரல. போர்டுல லேன் சிப் வேற, இமேஜுல அந்த டிரைவரே இல்ல, டிரைவர் எறக்கலாம்னா அதுக்கு நெட் வேணும்! என் போனை யுஎஸ்பில மாட்டி நெட் குடுத்து முடிக்கறதுக்குள்ள மதியம் ஆயிடுச்சு.

அதனால கொட்டேஷன்ல "ஐ3, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி"ன்னு மட்டும் இருந்தா ஒத்துக்காதீங்க. போர்டோட முழு மாடல், ரிவிஷன், ரேம் எந்த டிடிஆர், எஸ்எஸ்டி சாட்டாவா, அதவிட வேகமான என்விஎம்இயா, எல்லாம் எழுதி வாங்குங்க. அஞ்சுக்கு மேலன்னா நான் பிராண்டட் டெஸ்க்டாப்பத்தான் சொல்லுவேன், வீட்டு மாடல் இல்ல, ஆப்டிபிளெக்ஸ் (2025ல இருந்து வர்ற புது மாடலுக்கு டெல் புரோன்னு பேரு), புரோடெஸ்க், திங்க்சென்டர் மாதிரி ஆபீஸ் மாடல், 3 வருஷம் ஆன்சைட் வாரண்டியோட. இன்டெல்லே ஸ்டேபிள் ஐடி பிளாட்ஃபார்ம்னு ஒரு புரோகிராம் வச்சிருக்கு, அதுல வர்ற மாடல்னா 15 மாசமோ அடுத்த ஜெனரேஷன் வர்ற வரைக்குமோ பார்ட்டையும் டிரைவரையும் மாத்தாம வைக்கறதுதான் அதோட நோக்கம். ஒரே ஒரு கஷ்டம், இந்த பிராண்டட் பெட்டிங்க நெறய மாடல்ல எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) கனெக்டரே தனி, வாரண்டி முடிஞ்சப்புறம் கடைல கெடைக்கற சாதா எஸ்எம்பிஎஸ் மாட்டாது.

செகண்ட்ஸ் சல்லிசா வருதேன்னு 6வது 7வது ஜெனரேஷன் வாங்கிடாதீங்க. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, 11க்கு டிபிஎம் 2.0ங்கற செக்யூரிட்டி சிப் வேணும், இன்டெல்ல பெரும்பாலும் 8வதுல இருந்துதான் மைக்ரோசாப்ட் லிஸ்ட்லயே வரும்.

அப்புறம் நம்ம ஊரு உப்புக்காத்து. ஓ.டில ஹார்பர் பக்கம் ஒரு ஆபீஸ்ல கேபினெட் ஸ்க்ரூ துருவேறி திருப்புளிக்கே வரல, ஜன்னலோரம் வச்சிருந்த சிஸ்டம் மட்டும் அடிக்கடி ரேம் கழட்டி ரப்பர் போட்டு தொடைக்கற கேஸு. ஜன்னல்ல இருந்து தள்ளி வச்சோம், இப்ப அவ்ளோவா கூப்பிடறதில்ல.

மஞ்சக்குப்பத்துக்காரர் அப்புறம் அந்த நாலையும் ஒரு ரூமுக்கு தள்ளிட்டு, பழைய எட்டு மாதிரியே அதே போர்டுல ஒண்ணு தேடிப் புடிச்சு சும்மா ஸ்பேரா வச்சாரு. காசு வேஸ்ட்னு ஒரு மாசம் என்கிட்ட பொலம்பினாரு. போன வாரம் காலைல பில்லிங் சிஸ்டம் போர்டு அவுட், எஸ்எஸ்டிய மட்டும் கழட்டி ஸ்பேர்ல மாட்டினேன், டிஸ்க்கை பூட்டி வைக்கற பிட்லாக்கரோட கீ கேட்டுச்சு, முன்னாடியே நோட்ல எழுதி வச்சிருந்ததால அடிச்சு விட்டேன், டீ வர்றதுக்குள்ள பில் ஓட ஆரம்பிச்சுடுச்சு. செத்த போர்டு இன்னும் என் டேபிள்லதான் கெடக்கு, வாரண்டி இருக்குன்றாரு, பில்லத்தான் இன்னும் தேடிட்டு இருக்காங்க.