பிப்ரவரி விதைப்பு: உங்கள் ஊரின் கடைசி உறைபனியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பிப்ரவரி பிறந்தால் போதும், கடைகளில் விதைப் பொட்டலங்கள் வந்து இறங்கிவிடும். வெளியே பனி குவிந்து கிடக்கும்போது பொட்டலத்தில் சிவந்து தொங்கும் தக்காளியைப் பார்த்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? கனடாவின் ஒன்டாரியோவில் நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறேன். மே மாதம் வாடிக்கையாளர்கள் செல்போனில் காட்டும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நூல் மாதிரி மெலிந்த தண்டு, வெளிறிய இலை, ஜன்னல் பக்கம் சாய்ந்த செடி. "என்ன உரம் போடலாம்?" என்று கேட்பார்கள். உரத்தில் சரியாகிற விஷயம் இல்லை இது. சீக்கிரம் விதைத்தார்கள், வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குள் விதைக்க எல்லா ஊருக்கும் பொதுவான தேதி கிடையாது. யூடியூபில் ஒருவர் இன்று விதைக்கிறார் என்றால், முதலில் அவர் எந்த ஊர்க்காரர் என்று பாருங்கள். உங்கள் ஊரில் வசந்தத்தின் கடைசி உறைபனி சராசரியாக எப்போது விழுகிறது என்று தெரிந்துகொண்டு, அங்கிருந்து வாரங்களைப் பின்னோக்கி எண்ண வேண்டும். சராசரித் தேதி என்பதால், ஏறக்குறைய பாதி ஆண்டுகளில் அதற்குப் பிறகும் உறைபனி வரும். அதனால்தான் டொரோன்டோ பக்கம் உறைபனி பெரும்பாலும் மே நடுப்பகுதிக்குள் ஓய்ந்துவிட்டாலும், அனுபவசாலிகள் மே 25-க்கு முந்தைய திங்கள்கிழமையில் வரும் விக்டோரியா தின விடுமுறை வரை பொறுப்பார்கள். ஜெர்மனியில் மே 11 முதல் 15 வரை வரும் 'பனிப் புனிதர்கள்' நாட்கள் கழிந்த பிறகே தக்காளியை வெளியே நடுவது பழைய வழக்கம். மேற்குக் கனடாவின் கால்கரியில் ஜூன் பிறக்க வேண்டும். ஒரே நகரத்துக்குள்ளும் வித்தியாசம் உண்டு. டொரோன்டோவில் ஏரிக்கரையை விட்டு வடக்கே தள்ளிக் குடியிருப்பவர்கள் நகர மையத்து நண்பரின் தேதியை நம்பக் கூடாது.

இங்கே பலர் குழம்புவது குளிர் மண்டல எண்ணில். அமெரிக்க வேளாண்துறையின் மண்டல வரைபடம், குளிர்காலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை சராசரியாக எவ்வளவு என்பதை மட்டுமே சொல்கிறது. ஒரு பழமரம் அந்தக் குளிரில் பிழைக்குமா என்று பார்க்க உதவும், விதைக்கும் தேதிக்கு உதவாது. அந்தக் கணக்கில் லண்டனும் டெக்சாஸின் ஹூஸ்டனும் 9-ஆம் மண்டலம்தான். ஆனால் ஹூஸ்டனில் மார்ச் மாதமே தக்காளி நாற்று தோட்டத்துக்குப் போய்விடும். லண்டனில் மே கடைசி வரை காத்திருக்க வேண்டும். ஹூஸ்டனில் தாமதம்தான் ஆபத்து. கோடையில் இரவு வெப்பம் 24 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தக்காளிப் பூ காய் பிடிக்காமல் உதிரும். அங்கே ஜனவரியில் விதைப்பது சரி. டொரோன்டோவில் அதைச் செய்தால் ஏப்ரலில் செடியை வைக்க வீட்டில் இடம் இருக்காது.

டொரோன்டோ கணக்கைச் சொல்கிறேன், மற்ற ஊர்க்காரர்கள் தேதியை நகர்த்திக்கொள்ளலாம். வெளியே நடும் நாளிலிருந்து பின்னோக்கி மிளகாய்க்கு 10 முதல் 12 வாரம், கத்தரிக்கு 8 முதல் 10 வாரம், தக்காளிக்கு 6 முதல் 8 வாரம். ஆக, மிளகாய் மார்ச் நடுவில், கத்தரி மார்ச் கடைசியில், தக்காளி ஏப்ரல் தொடக்கத்தில். பாகல், புடலை, சுரை மூன்றும் வேரைத் தொட்டால் சுணங்கும். அவற்றுக்கு 3, 4 வாரம் போதும், மே தொடங்கும்போது தனித்தனிச் சட்டியில் போடுங்கள். பாகல் விதையின் கூர் முனையை நகவெட்டியால் லேசாக நறுக்கி இரவு முழுக்க ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். பிப்ரவரியிலேயே தொடங்க வேண்டியது வெங்காயம் போன்ற சிலவற்றைத்தான்.

முன்கூட்டி விதைத்தால் முன்கூட்டிக் காய்க்கும் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் சின்னச் சட்டியில் வேர் சுற்றிச் சுற்றி நெருக்கி, அங்கேயே பூத்துவிட்ட தக்காளி, தோட்டத்துக்குப் போனதும் பல நாள் அப்படியே நிற்கும். ஆறு வாரத்துக் குட்டை நாற்று அதற்குள் அதை எட்டிப் பிடித்துவிடும்.

அவரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. நம் ஊர் கொடி அவரையிலும் சிறகவரையிலும் பல ரகங்கள் பகல் குறுகினால்தான் பூக்கும். டொரோன்டோவில் பகல் போதிய அளவு குறுகும்போது செப்டம்பர் வந்துவிடும், அடுத்து உறைபனி. இவற்றை வீட்டுக்குள் எவ்வளவு சீக்கிரம் விதைத்தாலும் பயனில்லை. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது வெளிச்சம். செடியைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் இதுதான். பிப்ரவரி கடைசியில் டொரோன்டோவில் பகல் சுமார் 11 மணி நேரம், அதிலும் பல நாள் மேகமூட்டம். ஜன்னலோரம் நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், நாற்றுக்கு அது அரை இருட்டு. விலை உயர்ந்த விளக்கு தேவையில்லை. கராஜில் மாட்டும் சாதாரண வெள்ளை எல்இடி குழல் விளக்கை நாற்றின் தலைக்கு மேல் 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, தினமும் 14 முதல் 16 மணி நேரம் எரியவிட்டால் போதும். செடி வளர வளர விளக்கையும் உயர்த்துங்கள். இரவில் அணைத்துவிடுங்கள், தக்காளிக்கு இருட்டும் தேவை.

சூட்டில் மட்டும் முளைப்பதற்கு முன், பின் என்று வேறுபாடு உண்டு. மிளகாய் விதை முளைக்க மண்ணே 25 முதல் 30 டிகிரி இருக்க வேண்டும். அறை 20 டிகிரி என்றால் ஈரமண் அதைவிடக் குளிராக இருக்கும், விதை வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். தட்டின் அடியில் வைத்துச் சூடேற்றும் விரிப்பு (ஹீட் மேட்) இதற்கு உதவும். முளை வெளியே வந்ததும் அதை எடுத்துவிடுங்கள். பிறகு 18 டிகிரி அளவுக் குளுமையில் தண்டு தடித்து வளரும்.

நேற்று நன்றாக நின்ற நாற்று இன்று மண்மட்டத்தில் இற்றுச் சாய்ந்து கிடந்தால் அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற கிருமிகளின் வேலை. சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. தோட்டத்து மண்ணையும் கழுவாத பழைய தட்டுகளையும் தவிர்த்து, விதைப்புக்கென்று விற்கும் கலவையைப் பயன்படுத்துங்கள். தண்ணீரைத் தட்டின் அடியில் ஊற்றி மண் தானாக உறிஞ்சவிட்டு, அரை மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். சின்ன மின்விசிறி ஒன்று மெதுவாக ஓடட்டும். நோயும் குறையும், தண்டும் உறுதியாகும்.

வீட்டு விளக்கில் வளர்ந்த இலை நேர் வெயிலில் ஒரே நாளில் வெளுத்துக் கருகும். ஆகவே நடுவதற்கு முந்தைய 7 முதல் 10 நாள், முதலில் நிழலில் ஒரு மணி நேரம், அப்புறம் காலை வெயில், அப்புறம் முழுப்பகல் என்று பழக்குங்கள். விக்டோரியா தினம் கடந்த பிறகும் இரவு வெப்பம் 12 டிகிரிக்குக் கீழே போகும் என்று வானிலை அறிவிப்பு சொன்னால், தக்காளியை மட்டும் நடலாம். மிளகாயும் கத்தரியும் இன்னும் ஒரு வாரம் வீட்டுக்குள் இருக்கட்டும்.