மடி வீங்கினால் இரும்பும் துத்தநாகமும் எங்கே போகின்றன?

மடி கல் மாதிரி இறுகி, காம்பில் பாலுக்குப் பதில் திப்பியும் தண்ணீருமாக வருகிற மாட்டின் ரத்தத்தைச் சோதித்தால், இரும்பும் துத்தநாகமும் குறைவு என்று முடிவு வரலாம். தாது உப்பு போதவில்லை போலிருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். பெரும்பாலும் அது அவசரத் தீர்ப்பு. அந்தச் சத்துகளை மாட்டின் உடம்பே ரத்தத்திலிருந்து எடுத்துப் பதுக்கியிருக்கும்.

சாணத்தில் இருக்கும் ஈ.கோலை கிருமியை எடுத்துக்கொள்வோம். கறந்தபின் காம்புத் துளை மூடிக்கொள்ள அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மாடு ஈரத் தரையில் படுத்தால் கிருமி உள்ளே போய்விடுகிறது. மடியின் காவல் செல்கள் உடனே சைட்டோகைன்கள் என்ற சேதி சொல்லும் புரதங்களைச் சுரக்க, சேதி ரத்தம் வழியாகக் கல்லீரலை எட்டுகிறது. கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை விடுகிறது. செல்களிலிருந்து இரும்பு வெளியேறும் வாசலான ஃபெரோபோர்ட்டினை அது அடைத்துவிடும். பழைய சிவப்பணுக்களிலிருந்து மீட்ட இரும்பு ரத்தத்துக்குத் திரும்புவது நின்றுபோகும். குடலிலிருந்து ஏறுவதும் அப்படியே. துத்தநாகத்தையோ கல்லீரல் தானே இழுத்து, மெட்டலோதயோனின் என்ற புரதத்தோடு கட்டி வைத்துக்கொள்கிறது. இரும்பு கிடைக்காவிட்டால் ஈ.கோலையால் பெருக முடியாது. இந்த நேரத்தில் இரும்பு ஊசி போடுவது யாருக்கு உதவும் என்று யோசித்துப் பாருங்கள்.

மடிக்குள்ளும் இதே சண்டைதான். லாக்டோஃபெரின் என்ற பால் புரதம் இரும்பைப் பிடித்து வைக்கிறது, ஈ.கோலை என்டரோபாக்டின் என்ற பொருளை வெளியே விட்டு அதைப் பறிக்கப் பார்க்கிறது. கறவைக் காலப் பாலில் லாக்டோஃபெரின் குறைவு, சிட்ரேட் அதிகம். சிட்ரேட்டோடு சேர்ந்த இரும்பைக் கிருமி எளிதாக எடுத்துக்கொள்ளும். பால் வற்றியதும் இது தலைகீழாகிறது. கன்று ஈனும் நேரத்தில் மறுபடி பழையபடி. ஈற்றை ஒட்டி ஈ.கோலை மடிநோய் அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாமிரம் மட்டும் எதிர்த்திசையில் போகும். அதைச் சுமக்கும் செருலோபிளாஸ்மினைக் கல்லீரல் அதிகமாகத் தயாரிப்பதால் ரத்தத்தில் அளவு கூடும். உண்மையிலேயே தாமிரம் குறைந்த மாடுகூட அப்போது நலமாகத் தெரியலாம்!

செலினியக் கதை வேறு. அது குறைந்தால் கிருமியோடு மோதும் வெள்ளையணுக்களே வலுவிழக்கும். மண்ணில் செலினியம் குறைந்த அமெரிக்காவின் ஒஹையோவில், 1980களில் அதையும் வைட்டமின் ஈயையும் சேர்த்துக் கொடுத்தபோது மடிநோய் சீக்கிரம் ஆறியது. ஆனால் அளவு மீறினால் செலினியம் விஷம்.

சரி, தாதுச் சத்து நிலவரம் தெரிய ரத்தம் எடுக்க வேண்டுமென்றால்? மடி முழுசாக ஆறிய பிறகு எடுக்கலாம். கூடவே அதே தீவனம் தின்னும் நோயில்லாத மாடுகள் சிலவற்றிடமும் எடுத்து ஒப்பிட வேண்டும். தாமிரத்துக்கு அதுவும் போதாது. கையிருப்பு கல்லீரலில் இருப்பதால், அங்கிருந்தே சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.