பழமரக் கன்று மானியம்: கன்று வாங்கும் முன் காகிதத்தைச் சரி பாருங்கள்

தோட்டக்கலைத் துறையில் மாங்கன்று, கொய்யாக்கன்று மானியத்தில் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு அலுவலகம் போய், வெறுங்கையோடு திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் தகுதி இல்லாதவர்கள் அல்ல. பட்டா இன்னும் மாமனார் பெயரிலேயே இருந்தது, இந்த வருட இலக்கு முடிந்துவிட்டது, மானிய அனுமதி ஆணை வரும் முன்பே நட்டுவிட்டார்கள் என்று ஏதோ ஒன்று குறுக்கே வந்திருக்கும். முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். யாரும் சொல்வதில்லை.

திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. தேசிய தோட்டக்கலை இயக்கம் 2005-06இல் தொடங்கியது. 2014-15 முதல் ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் ஒரு பகுதியாக நடக்கிறது. செலவில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு தமிழ்நாடு அரசு. இதில் புதிதாகப் பழத்தோட்டம் வைப்பவருக்கான பிரிவுக்குப் 'பரப்பு விரிவாக்கம்' என்று பெயர். அலுவலகத்தில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக 'மானியம் வேண்டும்' என்று கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

மானியம் 40 சதவீதம் என்று சொன்னால், அது நீங்கள் செலவழிக்கும் பணத்தில் 40 அல்ல. ஒரு ஹெக்டேருக்கு இவ்வளவு என்று அரசு நிர்ணயித்த தொகையில் 40. உங்கள் கைச்செலவு அதைவிட எப்போதும் கூடும். அந்த மானியத்திலும் பெரும்பகுதி கன்றாகவும் இடுபொருளாகவும்தான் வரும். கையில் ரொக்கம் வரும், அதை வைத்துக் குழி வெட்டலாம், வேலி போடலாம் என்று கணக்குப் போட்டு வட்டிக்கு வாங்கியவர்கள் உண்டு. அந்தக் கணக்குப் போடாதீர்கள்.

முதல் அலைச்சல் எந்த அலுவலகம் என்பதிலேயே தொடங்குகிறது. வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டால் அது தோட்டக்கலை என்பார்கள். போக வேண்டிய இடம் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். உங்கள் ஊரைப் பார்ப்பவர் உதவி தோட்டக்கலை அலுவலர். அவர் அலுவலகத்தில் இருப்பதைவிடக் களத்தில் இருப்பதே அதிகம். பேருந்து ஏறும் முன் போன் செய்துவிட்டுப் போங்கள். அவர் பெயரும் எண்ணும் உழவன் செயலியில் இருக்கும். அதே செயலியிலோ துறையின் இணையதளத்திலோ பதிவு செய்துவிட்டு, பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாக 'எழுதிக்கிட்டேன், வந்தா சொல்றேன்' என்பதெல்லாம் பதிவு ஆகாது.

பட்டாவில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். நிலத்தை உழுவது நீங்கள், கரண்ட் பில் உங்கள் பெயர், ஊருக்கே தெரியும். ஆனால் சிட்டாவில் இறந்துபோன அப்பா பெயர் இருந்தால், அலுவலகத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு நிலமே இல்லை. வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாறுதல் செய்யாமல் கன்றுக்கு அலைவது வீண். விதவைப் பெண்களுக்கு இது இன்னும் மோசம். கொழுந்தன்மார் ஒத்துவராவிட்டால் மாறுதல் மனு வருடக்கணக்கில் கிடக்கும். ஜமாபந்தி (வருடத்துக்கு ஒருமுறை தாலுகாவில் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை) நடக்கும்போது மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைப்பது கொஞ்சமாவது அசைக்கும்.

கூட்டுப் பட்டா இன்னொரு சிக்கல். நாலு பேருக்கு 12 ஏக்கர், உங்கள் பங்கு 3 ஏக்கர் என்று வையுங்கள். நீங்கள் சிறு விவசாயிதான். 5 ஏக்கர் வரை சிறு விவசாயி, இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி. ஆனால் கம்ப்யூட்டரில் 12 ஏக்கர் தெரிகிறது என்று சொல்லி சிறு, குறு விவசாயி சான்றைத் திருப்பி அனுப்புவார்கள். உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குவதே நிரந்தரத் தீர்வு. அதற்கு நாளாகும் என்றால், மற்ற பங்குதாரர்களின் சம்மதக் கடிதத்தோடு உங்கள் அனுபவப் பாகம் இவ்வளவு என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்க முயலுங்கள். எல்லா அலுவலகமும் ஏற்கும் என்பதில்லை. ஏற்காவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் சில சமயம் காரணமே காணாமல் போகும்.

சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் மனுவை நிறுத்திவிடும்: பெயர். ஆதாரில் இனிஷியல் பின்னால், பட்டாவில் முன்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. மூன்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டுப் போங்கள். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். விவசாயிகளுக்கான தனி அடையாள எண்ணை இதுவரை வாங்காதவர்கள் முதலில் அதை முடியுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. மழை பெய்துவிட்டது, ஈரம் போய்விடும் என்று வெளியே கன்று வாங்கி நட்டுவிட்டு, பிறகு மானியம் கேட்பது. ஆணைக்கு முன் நட்டது பழைய தோட்டமாகிவிடும். ஆய்வுக்கு வருபவர் வெறும் நிலத்தைப் படம் எடுக்க வேண்டும், பிறகு நட்டதைப் படம் எடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள தோட்டத்தில் இடைவெளி நிரப்பவும் இந்தப் பிரிவில் கேட்க முடியாது.

இலக்கு என்ற சொல்லையும் புரிந்துகொள்ளுங்கள். வட்டாரத்துக்கு இந்த வருடம் மா இத்தனை ஹெக்டேர், கொய்யா இத்தனை ஹெக்டேர் என்று பிரித்துத் தருவார்கள். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களிலேயே பெயரைப் பதிந்துவிட வேண்டும். ஐப்பசியில் போய் நின்றால் 'மா முடிஞ்சிருச்சு, பப்பாளி இருக்கு, எடுத்துக்கிறீங்களா' என்பார்கள்.

எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு அது மீதமான இலக்கு, உங்களுக்கு அது வருமானம். மரத்தைத் தேர்வு செய்யும் இடத்தில் கூச்சப்பட்டுத் தலையாட்டியவர்கள் பின்னால் நிறைய இழந்திருக்கிறார்கள். கிணற்றில் சித்திரையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். வாழையும் பப்பாளியும் ஒரு வருடத்துக்குள் காசு பார்க்க வைக்கும். தண்ணீர் தவறினால் அதே வேகத்தில் போகும். பப்பாளிக்கு வைரஸ் வேறு. கொய்யா இரண்டாம் வருடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தரும், ஆனால் கவாத்து செய்ய, அதாவது கிளைகளை வெட்டிவிட, ஆள் வேண்டும். மா, சப்போட்டா, நெல்லி வேர்பிடித்த பிறகு வறட்சியைத் தாங்கும். மா ஒட்டுக்கன்று மூன்றாம் வருடமே பூக்கும் என்றாலும் பூவைக் கிள்ளிவிட்டு மரத்தை வளர்ப்பதே நல்லது. அதுவரை ஊடுபயிர்தான் சோறு போடும். ரகமும் முக்கியம். 2025 பருவத்தில் கூழ் ஆலைகள் கொள்முதலைக் குறைத்தபோது, கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா ரக மா மட்டுமே வைத்திருந்தவர்கள் பறிகூலிக்குக் கூட விலை கிடைக்காமல் தவித்தார்கள். ஒரே ரகத்தை முழு நிலத்துக்கும் கொடுத்தால் பாதியை மாற்றிக் கேளுங்கள்.

அடர் நடவு என்று சொல்லி ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டரில் ஏக்கருக்கு 160 மாங்கன்று தருவார்கள். பழைய முறையில் பத்து மீட்டர் இடைவெளியில் 40தான். கவாத்து செய்யத் தயாராக இருந்தால் மட்டும் 160க்கு ஒத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சில வருடங்களில் கிளைகள் பின்னிக்கொண்டு உள்ளே வெயில் நுழையாது, காயும் இருக்காது.

கன்று வரும் நாள் அடுத்த பொறி. நட வேண்டியது ஆடி முதல் கார்த்திகை வரையான மழைக்காலம். கன்று வந்து சேர்வதோ சில வட்டாரங்களில் பிப்ரவரி, மார்ச். நிதியாண்டு முடிகிறதே! அந்தக் கன்றை வாங்கி மாசி, பங்குனி வெயிலில் நட்டால் பாதி கருகும். அதோடு முடியாது. மானியம் ஒரே தவணையில் வருவதில்லை. அடுத்த வருடப் பகுதி கன்று பிழைத்திருந்தால்தான். 2014 வழிகாட்டுதலில் 60, 20, 20 என்று மூன்று தவணை. இரண்டாம் வருடம் 75 சதவீதம், மூன்றாம் வருடம் 90 சதவீதம் பிழைத்திருக்க வேண்டும். இந்த வருட அளவு என்ன என்று ஆணை வாங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் தாமதத்தால் செத்த கன்றுக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். சொட்டுநீர் போட்டுத் தண்ணீர் உறுதியாக இருந்தால் ஒழியக் கோடையில் வரும் கன்றை ஏற்காதீர்கள். வேண்டாம் என்று சொல்வதையும் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் 'பயனாளி வரவில்லை' என்று கோப்பில் ஏறும்.

கன்றை இறக்கும்போதே எண்ணுங்கள். ஒட்டுப் போட்ட இடம் உறுதியாக இருக்கிறதா, ஒட்டுக்குக் கீழே உள்ள வேர்ச்செடித் தளிர் மட்டும் கொழுத்து மேலே ஒட்டு காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய எண்ணிக்கைக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். காலி இடம் விட்ட தாளில் கையெழுத்துக் கேட்டால், நிரப்பிக் கொடுங்கள் போடுகிறேன் என்று சொல்லலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

சொட்டுநீருக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. இங்கேயும் அது நிர்ணயித்த தொகைக்குத்தான். நிறுவனத்தைத் தேர்வு செய்வது உங்கள் உரிமை. அங்கீகரித்த பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். குழாய் போட்டு, மோட்டார் ஓட்டி, கடைசி வரிசை வரை தண்ணீர் சொட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கையெழுத்து. குழாய் பதித்த உடனே கையெழுத்து வாங்கிக்கொண்டு போன நிறுவனக்காரர்கள் பிறகு போனை எடுப்பதில்லை.

மனு நகராவிட்டால் மாதாமாதம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் பதிவு எண்ணைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். முதல்வரின் உதவி மையம் 1100. அதற்கும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டாரத்துக்கு இந்த வருடம் வந்த இலக்கு எவ்வளவு, பயனாளிகள் பட்டியல், உங்கள் மனு எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் தரவில்லை' என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க வழி இருக்கிறது, பட்டியலை மறைக்க வழி குறைவு.

கன்று நட்டவர்கள் அடுத்த வருட ஆய்வுக்கு யாராவது வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். தை மாதமே உதவி தோட்டக்கலை அலுவலரைக் கூப்பிட்டு ஆய்வை முடிக்கச் சொல்லுங்கள். செத்த கன்றுக்குப் பதில் அதே ரகத்தை அதற்கு முன்பே நட்டு, வாங்கிய ரசீதை எடுத்து வையுங்கள்.