கவிதைக்கு வேண்டியது பாடுபொருள், கருப்பொருள் அன்று

ஆங்கிலக் கவிதைகளுக்கான தமிழ் உரைக் குறிப்புகளைத் திறந்தால் ‘தீம்’ (theme) என்று வரும் இடமெல்லாம் ‘கருப்பொருள்’ என்று நிற்கிறது. மாநாட்டு அழைப்பிதழிலும் அதுதான், உலகச் சுற்றுச்சூழல் நாள் அறிவிப்பிலும் அதுதான். இந்தப் பெயர்ப்பு பிழை.

‘தீம்’ கிரேக்கத்தில் ‘தேமா’. முன்வைக்கப்பட்டது என்று பொருள். பேசுவதற்கென்று எடுத்து வைத்த பொருள் என்ற கருத்தில் வளர்ந்து, இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அவ்வளவுதான்.

கருப்பொருளோ ஏற்கெனவே பொருள் வரையறுக்கப்பட்ட இலக்கணச் சொல். தொல்காப்பியத்தில் காதல் பாடல்களுக்கு இலக்கணம் சொல்லும் அகத்திணையியல், பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணா (உணவு), மா (விலங்கு), மரம், புள் (பறவை), பறை, செய்தி (தொழில்), யாழ் முதலியவை கரு. பின்வந்த இலக்கண நூலான நம்பியகப்பொருள் கருவை 14 ஆக விரிக்கிறது. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய ஐந்தும் அவற்றின் நிமித்தமும் உரி. இம்மூன்றையும் பற்றித் தொல்காப்பியம் சொல்லும் ‘முறை சிறந்தனவே’ என்ற தொடருக்கு உரையாசிரியர்கள் சொல்லும் விளக்கம் இங்கே முக்கியம்: முதலினும் கரு சிறந்தது, கருவினும் உரி சிறந்தது. ஆக, கவிதை எதைப் பாடுகிறது என்பதற்கு மிக அருகில் இருப்பது உரி. அதை விட்டுவிட்டு, பின்புலத்தில் நிற்கும் மரத்தையும் பறவையையும் குறிக்கும் சொல்லையா எடுப்பது?

‘கரு என்றால் சூல், ஆகவே மூலக்கருத்து’ என்று இதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். கதைக்கரு என்ற சொல் அப்படித்தான் பிறந்தது. அது அங்கே நன்றாகவே இருக்கிறது. ஆனால் கருப்பொருள் என்ற கூட்டுச்சொல் வேறு. குறுந்தொகையின் மூன்றாம் பாடலை எடுங்கள்: ‘நிலத்தினும் பெரிதே’. இதன் கருப்பொருள் என்ன என்று கேட்டால் ‘குறிஞ்சிப்பூ, தேன்’ என்று எழுதும் மாணவர் சரியாக எழுதியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் எதிர்பார்ப்பதோ ‘காதல்’. ஒரே மாணவர் இலக்கணப் பாடத்தில் ஒரு பொருளும் கவிதைப் பாடத்தில் வேறு பொருளும் படித்தால் குழப்பம் அவருடையதா?

உரிப்பொருளையே ‘தீமு’க்கு வைக்கலாமே என்றால், அது அகத்திணைக்கு உரியது, புறப்பாட்டுக்கோ புதுக்கவிதைக்கோ ஒட்டாது. உட்பொருளும் ஆகாது, அது மறைபொருளைச் சொல்லும் சொல். பாடுபொருள்தான் பொருத்தம். பாடிய, பாடுகின்ற, பாடும் பொருள் என்று விரியும் வினைத்தொகை. எந்த மொழிக் கவிதைக்கும் செல்லும்.

பாடுபொருள் வேறு, மையக்கருத்து வேறு. எதைப் பற்றி என்ற கேள்விக்கு விடை பாடுபொருள். ஒரு சொல் அல்லது ஒரு தொடர் போதும். அதைப் பற்றிக் கவிதை என்ன சொல்கிறது என்பது மையக்கருத்து; அது பயனிலையோடு முடிந்த வாக்கியமாக இருக்க வேண்டும். மேற்சொன்ன குறுந்தொகைப் பாடலின் பாடுபொருள் தலைவனோடு கொண்ட நட்பு. ‘நட்பே’ என்ற சொல் பாட்டின் கடைசியில்தான் வருகிறது. சங்கப் பாடலில் எழுவாயைக் கடைசி அடியில் தேடுவது நல்ல பழக்கம். தோழி தலைவனைப் பழிக்க, தலைவி விடை சொல்கிறாள். எனவே ‘அவனோடு கொண்ட நட்பு அகலம், உயரம், ஆழம் எந்த அளவுக்கும் அடங்காது’ என்பது மையக்கருத்து. ‘காதல்’ என்று மட்டும் எழுதினால் பாதி விடை.

முதல் அடியை மையக்கருத்தாக எடுத்துக்கொள்வது இன்னொரு பிழை. புறநானூறு 192 இதற்குப் பலியான பாட்டு. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்பதோடு நிறுத்தி, உலக ஒற்றுமை என்று எழுதிவிடுகிறார்கள். பாட்டு 13 அடி. பேராற்று நீர்வழிப் போகும் புணைபோல் (தெப்பம்போல்) உயிர் முறைவழி (ஊழின் வழி) போகும் என்று சொல்லி, ‘தெளிந்தனம் ஆகலின்’ (தெளிந்தோம் ஆதலால்) என்று திரும்புகிறது. அந்த ‘ஆகலின்’தான் முடிச்சு. அதற்குப் பின் வருவது முடிவு: பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை. ஆதலால், எனின், ஆயினும் போன்ற சொற்கள் நிற்கும் இடத்தைப் பாராமல் மையக்கருத்து எழுதக் கூடாது.

அழைப்பிதழ் அச்சிடுவோர் பாடுபொருள் என்று போட வேண்டியதில்லை. அங்கே யாரும் பாடவில்லை. ‘இந்த ஆண்டின் மையப்பொருள்’ என்று போடலாம்.